மலையை இடமாகச் சுற்றிய ரயில்

இன்வெர்ட்டர் வாங்கப் போன என் கணவர் ரயில் வாங்கிக்கொண்டு வந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில் எட்டு வருடமாக வாடகைக்கு இருந்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், மூட்டுவலி தாங்காமல் சொந்த ஊருக்கே திரும்புவதாகவும், வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குக் கொடுப்பதாகவும் யாரோ சொல்லித்தான் போனார். இரண்டு மணி நேரம் கழித்து, பைக்கின் பின்சீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இன்வெர்ட்டரை அதற்குள் வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம்.

பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பிரித்தார். பழைய துணியில் சுற்றிச் சுற்றி வைத்திருந்தது. தண்டவாளத் துண்டுகள், ஒரு எஞ்சின், நாலு பயணிகள் பெட்டி, ஆறு சரக்குப் பெட்டி, உள்ளங்கையில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு ஸ்டேஷன், கரண்ட் கொடுக்கிற சின்னக் கருவி. அந்தக் கருவியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. தரையிலேயே தண்டவாளத்தை வட்டமாகக் கோத்து, ப்ளக்கைச் செருகித் திருகைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டு ஓடத் தொடங்கியது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அது சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த முகம் என்னைப் பார்த்து அதைவிட நாளாகியிருந்தது.

அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டியை எந்த டிரைவர் எடுப்பது, எந்தக் கண்டக்டர் ஏறுவது என்று ட்யூட்டி போடுகிறவர். ஒருவர் மகளுக்குக் காதுகுத்து என்பார், இன்னொருவர் முதுகு பிடித்துக்கொண்டது என்பார், வண்டி மட்டும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். கிரிவலக் கூட்டம் வருகிற பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். கார்த்திகை தீபத்தின்போது ஒரு வாரம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிற விருந்தாளி அவர். சாதாரண நாட்களிலும் மாலையில் வாசலில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பத்து நிமிடம் அதன்மேல் உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்ததும் யார் எது கேட்டாலும் எரிந்து விழுவார். ஒருநாள் டிப்போவிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பி.பி. எகிறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, மனதுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது ஒன்றைத் தினமும் கொஞ்ச நேரம் செய்யச் சொன்னார். அது நடந்த மறுமாதம்தான் அந்தப் பெட்டி வந்தது.

எனக்கும் வேலை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தைப் பற்றி யார் பேசினாலும் அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்ட்டரில் இருபது வருடமாக நிற்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்றுக்கு வீட்டுக்கு வருவேன். டாக்டரிடம் பணிவாக இருந்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் கோபத்தையெல்லாம் என் ஜன்னலில்தான் இறக்கிவைப்பார்கள். கிரிவலம் முடிந்த மறுநாள் காலையில் கொப்புளக் காலோடு வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். என்னை எந்த டாக்டரும் மனதுக்குப் பிடித்ததைச் செய்யச் சொன்னதில்லை. எனக்கு பி.பி. சரியாக இருந்தது. அதுதான் என் குறை போலிருக்கிறது.

ரயில் மாடி ரூமுக்குப் போனது. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எங்கள் மகளின் அறை. கல்யாணமாகி அவள் சென்னைக்குப் போனபின் காலியாகக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. அவள் போன வாரமே நான் அவரிடம் சொன்னேன், அந்த ரூமை நான் வைத்துக்கொள்கிறேன், ஒரு நாற்காலி போட்டால் போதும் என்று. அங்கே என்ன செய்யப்போகிறாய் என்றார். உட்காரப் போகிறேன் என்றேன். உட்காருவதற்கு ஒரு ரூமா என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன். நாற்காலி வாங்குவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவருக்கு அந்த மாதிரித் தயக்கமெல்லாம் இல்லை. பெட்டி வந்த எட்டாவது நாள் இரண்டு ப்ளைவுட் பலகை மாடி ஏறியது. ஆசாரி வந்து கால் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கதவைத் திறந்தால் சுவரோரம் ஒரு ஆள் நடக்க மட்டும் இடம். மற்றதெல்லாம் மேஜை.

அந்த மேஜையின் மேல் அவர் ஓர் ஊரையே செய்தார். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்லாக்கினார். பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்துப் புதர் செய்தார், நாளைக்கொரு நார் காணாமல் போனதற்குக் காரணம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நடுவில் தெர்மாகோலை அடுக்கி, பேப்பர் கூழ் பூசி, ஒரு மலை வைத்தார். நம்ம மலையா என்று கேட்டேன்.

"சும்மா இரு. அந்த மலைய நான் செய்யறதா. இது ஏதோ ஒரு மலை" என்றார்.

ஏதோ ஒரு மலை என்று சொன்னாரே தவிர, ரயிலை வலமாக மட்டும்தான் ஓட விடுவார். மலை எப்போதும் எஞ்சினுக்கு வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஒருநாளும் மாற்றி ஓட்டியதில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குக் கை வேறு பக்கம் போகாது.

இரண்டு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். வாசலில் ஹெல்மெட்டோடு உட்காருவது நின்றது. வந்ததும் கை கால் கழுவி, காபியை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கிவரும்போது முகம் சலவை செய்த மாதிரி இருக்கும். பி.பி. இறங்கியது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். மகள் போனில், அப்பா எவ்வளவு மாறிட்டார், நீ கொடுத்துவைத்தவள் என்றாள். என் அக்கா, குடிக்காமல் சீட்டு ஆடாமல் ரயில் ஓட்டுகிறாரே, சந்தோஷப்படு என்றாள். எல்லோருக்கும் ஆமாம் ஆமாம் என்று சொன்னேன். கீழே சமையலறையில் நிற்கும்போது கூரைக்கு மேலே அந்தச் சக்கரச் சத்தம் மெல்லச் சுற்றிச் சுற்றி வரும். எனக்கு வயிறு எரியும்.

எதன்மேல் பொறாமை என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எஞ்சின் லேசாகத் திணறினாலும் சக்கரச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வார். தண்டவாளத்தில் அழுக்கு சேர்ந்திருக்கும், ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஓர் அங்குலம் விடாமல் துடைப்பார். அதே வாரம் நான் நாலு நாள் விடாமல் இருமிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், என்ன உனக்குத் தொண்டை கட்டியிருக்கா என்றார். அந்தச் சக்கரங்களுக்குக் கிடைத்த காது எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய நிம்மதியின் மேலும் பொறாமை. அவருக்கு மட்டும் அது எப்படி அட்டைப்பெட்டியில் கட்டி பைக்கில் வந்து இறங்கியது? நான் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, கோயிலுக்குப் போய் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை கவுன்ட்டரில் ஓர் ஆள், டாக்டர் எழுதிய அதே மருந்து வேறு கம்பெனி பெயரில் இருக்கிறது என்று நான் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மாத்திரை அட்டையை என் முகத்தில் விட்டெறிந்தார். மூக்குக் கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடி அவர் முன்னால் வைத்தேன். வரிசையில் அடுத்து நின்றவர் தன் சீட்டை நீட்டினார். ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதும் அந்த அட்டை முகத்துக்கு நேராக வந்துகொண்டே இருந்தது. வீட்டைத் திறந்தேன், செருப்பைக் கழற்றினேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் மாடிக்கு ஏறினேன்.

எதற்காக ஏறினேன் என்று கேட்டால், எதையாவது உடைக்கத்தான் ஏறினேன் என்று நினைக்கிறேன். ஆனால் மேஜைக்கு முன்னால் நின்றதும் கை அந்தத் திருகுக்குப் போனது. அவர் பயணிகள் வண்டியை விரட்டி ஓட்டுவார். நான் அதை ஓரமாக நிறுத்தி, ஆறு சரக்குப் பெட்டிகளையும் எஞ்சினோடு கோத்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற வேகத்தில் விட்டேன். மலைக்குப் பின்னால் போனது. முதல் பெட்டி தெரிய நேரமானது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசிப் பெட்டி வெளியே வந்ததும் மூச்சை விட்டேன். எத்தனை சுற்று என்று தெரியாது. ஜன்னலில் மலைமேல் வெயில் சாய்ந்திருந்தது. அந்த அட்டை நினைவிலிருந்து போயிருந்தது.

மறுநாளும் போனேன். ஞாயிறு விட்டுத் திங்கட்கிழமையும். மூன்றரை மணிக்கு ஏறினால் ஐந்து மணிக்கு இறங்கிவிடுவேன். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு, அவர் வரும்போது காபி போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பொறாமை குறையவில்லை, கூடியது. அது என்னுடையதாக இல்லாததுதான் காரணம். என் நிம்மதியை அவருடைய பெட்டியிலிருந்து திருடி எடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது, இன்றைக்கு வண்டி ரொம்ப நல்லா ஓடுச்சு என்று அவர் சொன்னால், நான் ஓட்டி நீ பார்த்ததில்லையே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், பெட்டிகளைக் கழற்றும்போது புடவை முந்தானை மாட்டி எஞ்சின் கீழே விழுந்தது. ஓடியது, ஆனால் பின்னால் பெட்டியைக் கோக்கிற கொக்கி உடைந்துபோனது. மேஜையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று மாலை அவர் உடைந்த கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிவந்தார். ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்டார். ஆமாம், காற்றுக்காகத் திறந்து வைத்தேன், குரங்கு வந்திருக்கும் என்றேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் எது போனாலும் குரங்குதான். அவர் நம்பினார். அவ்வளவு எளிதாக நம்பியது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொக்கியை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கம்பியில் வளைத்துச் சரிசெய்தார். அதோடு நிற்கவில்லை. ஆளைக் கூட்டிவந்து ஜன்னல் முழுக்க நெருக்கமாகக் கம்பி வலை அடித்தார். குரங்கு என்ன, அணில்கூட நுழைய முடியாது. மறுநாள் மூன்றரை மணிக்கு நான் போய் நின்றபோது மலை சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கின மாதிரி தெரிந்தது. நான் அந்த ரூமைக் கேட்டதே அந்த ஜன்னலுக்காக. என் பொய்யால் வந்த வலை என்று தெரிந்தும் கோபம் முழுக்க அவர் மேல்தான் போனது. எஞ்சினைத் தூக்கினேன். எதிர்ப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தேன். மலையை இடமாகச் சுற்றவிட்டேன். ஒரு சுற்று போகும்வரை திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான் ஓட்டினேன், இறங்கும்போது மறக்காமல் திருப்பி வைத்துவிடுவேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே இறங்கியவள் எஞ்சினை மறந்துவிட்டேன்.

அவர் மாடியிலிருந்து வந்தபோது நான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"எஞ்சின் திரும்பி நிக்குது" என்றார்.

நான் அடுத்த காயை எடுத்தேன்.

"குரங்கு வலைக்குள்ள பூந்து வந்து, எஞ்சினத் தூக்கித் திருப்பி, எல்லா சக்கரத்தையும் கம்பி மேல கரெக்டா உக்கார வச்சிட்டுப் போயிருக்குது."

"நான்தாங்க" என்றேன்.

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா."

"டெய்லியுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டிப்போவில் பௌர்ணமிக்காகத் தங்கிய நாள், வெளியூர் போன நாள், உடம்பு முடியாத நாள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப என்னைவிட நீதான் ஜாஸ்தி ஓட்டியிருக்க" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மூன்று மாதமாக, அதற்கு முன்னாலும், எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த குரல் அது.

மறுநாள் மாடி ரூமில் பூட்டுத் தொங்கியது. திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அந்தப் பூட்டுக்கு முன்னால் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமையும் நின்றேன். அன்று மாலை அவர் காபியை எடுத்துக்கொண்டு படியேறப் போகும்போது வழியில் நின்றுகொண்டேன்.

"அந்த ரூம மொதல்ல கேட்டது நானுங்க" என்றேன்.

"நீயா? எப்ப கேட்ட?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. எஞ்சினுக்காக நான் பட்ட பொறாமையெல்லாம் சேர்த்தாலும் அந்த நிமிடம் வலித்ததற்கு ஈடாகாது. மகள் போன வாரம், இதே படிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி போதும் என்று நான் சொன்னதையும், உட்காருவதற்கு ஒரு ரூமா என்று அவர் சிரித்ததையும் சொன்னேன். முகத்தில் அட்டை வந்து விழுந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த காபி ஆடை கட்டிப்போனது. யாருடா அவன் என்று கேட்டார். அது முக்கியமில்லை என்றேன். மாடிக்குப் போகாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை என் சாப்பாட்டு டப்பாவின் மேல் அந்தப் பூட்டின் சாவி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டலாம் என்று கூப்பிட்டார். போனேன். அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. திருகை இப்படிப் பிடி என்றார், வளைவில் குறை என்றார், சரக்கு வண்டியை இவ்வளவு மெதுவாக ஓட்டினால் மோட்டார் சூடாகும் என்றார். எனக்கு என் கவுன்ட்டரில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"நீங்க இருக்கும்போது எனக்கு வேணாங்க. நீங்க இல்லாதப்பதான் வேணும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. இதை எப்படிச் சொல்லியிருந்தாலும் சுருங்கியிருக்கும். ஆனால் அவர் ட்யூட்டி போடுகிற மனிதர். சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை நான். ஆறரையிலிருந்து எட்டு வரை அவர். ஞாயிறு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பௌர்ணமியும் தீபமும் முழுக்க எனக்கு. மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தார்.

இப்போது ஒரு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆறரை மணிக்கு அவர் உள்ளே போனதும் முதலில் எஞ்சினின் முதுகில் கை வைத்துப் பார்க்கிறார், எவ்வளவு சூடு இருக்கிறது என்று. நான் ஸ்டேஷன் பக்கம் நட்ட வேப்பமரத்தை அவர் எடுத்து மலையடியில் நடுகிறார். நான் மறுபடி ஸ்டேஷன் பக்கம் கொண்டுவருகிறேன். இதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. அவர் புதிதாக ஒரு பெட்டி வாங்கிவந்தால், எனக்கென்று ஒன்று வாங்கித்தரத் தோன்றவில்லையே என்றுதான் முதலில் நினைக்கிறேன், அதை நானும்தான் ஓட்டப்போகிறேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

போன மாதம் டிப்போவில் அவரோடு வேலை செய்பவர் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பெண் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காபி குடித்ததும் ஆண்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள், நாங்கள் பின்னால் ஏறினோம். என் கணவர் தன் வழக்கப்படி வலமாக இரண்டு சுற்று விரட்டிக் காட்டிவிட்டு, "இவ என்னைவிட நல்லா ஓட்டுவா" என்று சொல்லி நகர்ந்துகொண்டார். யார் முன்னாலும் அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் சரக்கு வண்டியைக் கோத்து, மெதுவாக விட்டேன். நண்பர் மோட்டார் விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுவரோரம் நின்று, ரயிலைப் பார்க்காமல், கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை முதல் ஐந்தரை என்று என் கட்டத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டார்.

"இந்த ரெண்டு மணி நேரம் வீட்டுல யாரும் உங்களக் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க" என்றேன்.

அந்த டீச்சர் என்னைப் பார்த்த பார்வையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படுவது அதுதான் முதல்தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இனித்தது. கீழே வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, ஒருநாள் மத்தியானம் ஸ்கூல் விட்டதும் வாங்களேன், நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் நல்லதுதான், அவர் வந்திருப்பார். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் பாதியை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு நாள் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தினேன்.